மக்களே உஷார்!

கைப்பேசியைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது இந்த இரண்டு சொற்கள்தான். பாலில் கலப்படமா? மக்களே உஷார். புது வைரஸா? மக்களே உஷார். ஆதார் அட்டையைப் புதுப்பிக்கவில்லையா? அதற்கும் உஷார். உள்ளே போய்ப் பார்த்தால் பாதிச் செய்தி போன வருடத்துடையதாக இருக்கும், மீதி எந்த ஊர் என்றே சொல்லாததாக இருக்கும். இதையெல்லாம் படித்து நான் எந்த விதத்திலும் உஷாரானதாகத் தெரியவில்லை. ஆனால் அந்தச் சொல்லின் மேல் ஓர் ஆர்வம் வந்துவிட்டது. இத்தனை பேர் இத்தனை முறை நம்மை 'ஆகு' என்று சொல்கிறார்களே, அப்படி என்னவாகத்தான் ஆகச் சொல்கிறார்கள்?

உஷார் பாரசீகத்திலிருந்து உருது வழியாக வந்த சொல். மூலத்தில் அது 'ஹோஷ்யார்'. 'ஹோஷ்' என்றால் உணர்வு, சுயநினைவு, புத்தி. அது உடன் இருப்பவன் ஹோஷ்யார். இதே 'ஹோஷ்' இல்லாமல் போனால் 'பேஹோஷ்', அதாவது மயங்கி விழுந்தவன். தமிழுக்குள் நுழையும்போது முதலில் நிற்கும் 'ஹ' உதிர்ந்துவிட்டது. ஹவில்தார் பேச்சில் அவில்தார் ஆனாரே, அதே கதைதான். 'ஷ' பலர் வாயில் தப்பித்துக்கொண்டது, சிலர் வாயில் 'ச' ஆகி 'உசார்' ஆனது.

ஆற்காட்டு நவாப் ஆட்சி, தஞ்சை மராட்டியர் ஆட்சி, அப்புறம் கம்பெனி ஆட்சி என்று மாறி மாறி வந்த நிர்வாகங்களோடு இந்த மாதிரிச் சொற்கள் ஒரு படையாகவே தமிழுக்குள் வந்தன. தாசில்தார், ஜமாபந்தி, ஜப்தி எல்லாம் வரி வசூல் பக்கம். பாரா, பந்தோபஸ்து, கொத்தவால் எல்லாம் காவல் பக்கம். உஷார் இந்தக் காவல் கூட்டத்தைச் சேர்ந்தது. கூடவே வந்த இன்னொருவர் 'கபர்தார்'. பழைய நாடகங்களில் ஜமீன்தார் மீசையை முறுக்கிக்கொண்டு சொல்வாரே, அந்தக் கபர்தார். அதைப் பிரித்தால் 'கபர்', செய்தி. 'தார்', உடையவன். செய்தி அறிந்தவனாக இரு என்பதுதான் அந்த மிரட்டலின் நேர்ப்பொருள். நம் காதில் 'தொலைச்சுடுவேன்' என்றுதான் விழுகிறது.

உஷாரின் உண்மையான சுவை அக்கம்பக்கத்து மொழிகளில்தான் இருக்கிறது. பெங்களூரில் நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்கார அம்மா ஒருநாள் மாடியிலிருந்து இறங்கி வரவே இல்லை. விசாரித்தபோது அவர் மகள் 'அம்மங்கே ஹுஷாரில்லா' என்றாள். அம்மாவுக்கு எச்சரிக்கை உணர்வு போதாது என்கிறாளா? அப்படியில்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்கிறாள். கன்னடத்தில் ஹுஷார் என்றால் உடல்நலமும்தான். சாயங்காலம் நான் ஊருக்குக் கிளம்பும்போது அதே அம்மா போர்வையைப் போர்த்திக்கொண்டு வாசல்வரை வந்து 'ஹுஷாராகி ஹோகி பன்னி' என்றார். பார்த்துப் போய்ட்டு வாங்க. காலையில் இல்லாமல் போன ஹுஷாரை மாலையில் எனக்குக் கொடுத்தனுப்பிய மாதிரி இருந்தது.

தெலுங்கில் 'ஹுஷாரு' என்றால் உற்சாகம், துள்ளல். பையன் ஹுஷாராக இருக்கிறான் என்றால் குஷியில் இருக்கிறான் என்று பொருள், திருடனுக்குப் பயந்துகொண்டிருக்கிறான் என்றல்ல. மலையாளத்தில் 'உஷார்' என்றால் பிரமாதம். கல்யாணம் உஷாராக நடந்தது என்பார்கள். மராத்தியில் 'ஹுஷார்' கெட்டிக்காரப் பிள்ளை, வகுப்பில் முதலில் கை தூக்குகிறவன். ஈழத்துத் தமிழில் 'உசார்' என்றால் தெம்பு, சுறுசுறுப்பு. காய்ச்சல் விட்ட பிள்ளை இப்போது உசாராய் இருக்கிறது என்பார்கள். அங்கே 'உசார் மடையன்' என்று ஒரு வசையும் உண்டு. வேகம் நிறைய, விவேகம் கொஞ்சம். ஓடி ஓடி வேலை செய்து எல்லாவற்றையும் கெடுத்துவைப்பவன். அலுவலகத்துக்கு ஒருவராவது இருப்பார் என்பதால் விளக்கத் தேவையில்லை.

நலம், குஷி, பிரமாதம், கெட்டிக்காரத்தனம், தெம்பு. இத்தனை வீட்டில் வளர்ந்த பிள்ளை, தமிழ்நாட்டில் மட்டும் பயந்த சுபாவத்தோடு வளர்ந்திருக்கிறது. இங்கே உஷார் என்றால் எங்கோ ஆபத்து என்று அர்த்தம். 'அவன் படு உஷார்' என்று ஒருவரைப் புகழும்போதுகூட, அதில் 'அவனிடம் உன் பருப்பு வேகாது' என்ற எச்சரிக்கை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நம்மிடம் இந்த நிலைக்கு வேறு சொற்களும் இருக்கின்றன. ஜாக்கிரதை, விழிப்பு, எச்சரிக்கை. ஜாக்கிரதை வடமொழியில் விழித்திருத்தல். விழிப்பு, கண் திறந்திருத்தல். எச்சரிக்கையின் உறவான 'எச்சர' கன்னடத்தில் இன்றும் தூக்கம் கலைந்த நிலையைத்தான் சொல்கிறது. மூன்றுக்கும் எதிரி ஒன்றே, தூக்கம். காவல் என்பதே இரவுத் தொழிலாக இருந்த காலத்தில் பிறந்த சொற்கள். மதுரைக்காஞ்சி, மதுரையின் இரவு ஊர்க்காவலர்களைச் சொல்லும்போது 'துஞ்சாக் கண்ணர்' என்கிறது, தூங்காத கண்ணுடையவர்கள். கள்வர் நடமாடும் நடுயாமத்தில் அவர்களுக்கு வேண்டிய முதல் தகுதி அது.

உஷாருக்கு எதிரி தூக்கம் அல்ல, போதை. பாரசீகக் கவிதைகளில் 'மஸ்த்' என்றும் 'ஹோஷ்யார்' என்றும் இரண்டு ஆட்கள் ஜோடியாகவே வருவார்கள். மஸ்த், குடித்து மயங்கியவன். ஹோஷ்யார், தெளிவாக இருப்பவன். இரண்டு பேரும் விழித்துத்தான் இருக்கிறார்கள். ஒருவனோடு புத்தி இருக்கிறது, மற்றவனோடு இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த எண்ணம் நமக்குப் புதிதும் அல்ல. திருக்குறளின் 54ஆம் அதிகாரம் பொச்சாவாமை. பள்ளிக்கூடத்தில் அதிகம் நடத்தாத அதிகாரம், பெயரே பிள்ளைகளைச் சிரிக்க வைக்கும் என்பதாலோ என்னவோ. பொச்சாப்பு என்றால் மறதி, அசட்டை. பொச்சாவாமை அதன் மறுதலை. முதல் குறளிலேயே வள்ளுவர், அளவு கடந்த கோபத்தைவிடப் பெருமகிழ்ச்சியில் வரும் சோர்வு தீது என்கிறார். அங்கே அவர் போட்டிருக்கும் சொல் 'உவகை மகிழ்ச்சி'. பழந்தமிழில் மகிழ்ச்சிக்கும் கள்ளுக்கும் நெருங்கிய உறவு உண்டு. 'மகிழ்' என்றால் கள்ளின் களிப்பு, கள்ளே என்றும் பொருள். காமத்துப்பாலில் வள்ளுவரே, கண்டதும் 'மகிழ்' தருவது காமம், உண்டால்தான் தருவது கள் என்று ஒப்பிடுகிறார். ஆக, வெற்றிக் களிப்பில் தலை கிறுகிறுத்துப்போன அரசன்தான் இந்த அதிகாரத்தின் நோயாளி. அவன் கொட்டக் கொட்ட விழித்திருக்கிறான். கொடி பறக்கிறது, கூட்டம் வாழ்த்துகிறது, தூக்கம் எங்கே வரும்? புத்திதான் பக்கத்தில் இல்லை.

வள்ளுவர் மகிழ்ச்சியைச் சொன்னார். பயத்தையும் அதே பட்டியலில் சேர்க்க வேண்டும் என்பேன். அதற்குச் சாட்சி என் பெரியப்பா.

ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். காய்கறிக் கடைக்காரர் ஒரு ரூபாய் கூடச் சொன்னால் கண்டுபிடித்துவிடுவார். அவருக்கு ஒரு பகல் நேரத்தில் அழைப்பு வந்தது. உங்கள் பெயரில் போன பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது, வழக்கு பதிவாகிவிட்டது, மும்பை போலீஸிடம் பேசுங்கள் என்று. வீடியோவில் ஒருவர் சீருடையோடு தோன்றினார். பின்னால் சுவரில் ஏதோ முத்திரை. அறைக் கதவைச் சாத்து, யாரிடமும் பேசாதே, கேமராவை அணைக்காதே. நீங்கள் 'டிஜிட்டல் அரெஸ்ட்' செய்யப்பட்டிருக்கிறீர்கள். பெரியப்பா கதவைச் சாத்திக்கொண்டு, முதுகை நேராக வைத்து உட்கார்ந்து, கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் 'சார், சார்' என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

பெரியம்மா மாத்திரையைத் தேடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். பெரியப்பா வாயில் விரல் வைத்து 'ஷ்ஷ்' என்றார். பெரியம்மா எட்டிப் பார்த்தார்.

"ஏங்க, யாருங்க அது? போலீஸ்காரர் எதுக்குப் போனுக்குள்ள உக்காந்திருக்காரு? நம்ம ஸ்டேஷன் தெருமுனையிலதான இருக்கு?"

அவ்வளவுதான். போனுக்குள் இருந்தவர் கத்த ஆரம்பித்தார், யார் அந்தப் பெண், வெளியே அனுப்பு என்று. பெரியப்பா ஒரு நிமிடம் மனைவியைப் பார்த்தார், ஒரு நிமிடம் போனைப் பார்த்தார், அணைத்துவிட்டார். பணம் எதுவும் போகவில்லை. 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசி, அழைப்பு வந்த எண்ணைக் கொடுத்தோம். டிஜிட்டல் அரெஸ்ட் என்று சட்டத்தில் ஒன்று கிடையவே கிடையாது என்பதை அப்புறம்தான் அவருக்கு விளக்கினோம்.

பின்னால் அவர் சொன்ன ஒரு வார்த்தை எனக்கு மறக்கவில்லை. "என் ஆயுசுல யார் பேச்சையும் அவ்வளவு கவனமா நான் கேட்டதில்லப்பா." அதுதான் விஷயம். அந்த நேரத்தில் அவரைவிட விழிப்பான மனிதர் அந்தத் தெருவிலேயே இருந்திருக்க மாட்டார். காது கூர்மை, கண் கூர்மை, உள்ளங்கையில் வியர்வை. ஜாக்கிரதை, எச்சரிக்கை, விழிப்பு மூன்றும் உச்சத்தில். ஹோஷ் மட்டும் மாத்திரை தேடிக்கொண்டு பக்கத்து அறையில் இருந்தது. மோசடிக்காரன் நம்மைத் தூங்கவைத்து ஏமாற்றுவதில்லை. உலுக்கி எழுப்பி, பயத்தை ஊற்றிக் கொடுத்து ஏமாற்றுகிறான். பேருந்து நிலையத்தில் 'பிக்பாக்கெட் ஜாக்கிரதை' பலகைக்குப் பக்கத்தில்தான் பிக்பாக்கெட்டுகள் நிற்பார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. படித்தவுடன் எல்லாரும் பர்ஸ் இருக்கும் இடத்தைத் தொட்டுப் பார்ப்பார்களாம், தேடும் வேலை மிச்சம்.

சரி, பயம் இல்லாமல், போதை இல்லாமல், நாள் முழுக்கத் தெளிவாக விழித்திருந்தால்? அதுவும் ஆகிற காரியமில்லை. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானங்களில் ராடார் திரையைப் பார்த்து நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடியவர்கள், நேரம் ஆக ஆகத் திரையில் தெரிந்த புள்ளிகளையே தவறவிட்டார்கள். நார்மன் மாக்வொர்த் என்ற உளவியலாளர் இதைச் சோதிக்க ஒரு கடிகாரம் செய்தார். எண்கள் இல்லாத வெற்று முகம், ஒரே ஒரு முள். நொடிக்கு ஒரு தாவல். எப்போதாவது ஒரு முறை முள் இரட்டைத் தாவல் தாவும். அதைக் கண்டால் பொத்தானை அழுத்த வேண்டும். இரண்டு மணி நேரம் இதே வேலை. முதல் அரைமணி கழிந்ததுமே கண்டுபிடிக்கும் திறன் சரியத் தொடங்கிவிட்டது. 1948இல் வெளியான முடிவு இது. உட்கார்ந்தவர்கள் சோம்பேறிகள் அல்ல, தூங்கவும் இல்லை. ஒன்றுமே நடக்காத இடத்தை உற்றுப் பார்த்துக்கொண்டே இருப்பது மூளைக்குக் கட்டுப்படியாகாத வேலை.

தமிழ்ப் பேச்சு வழக்குக்கு இது தெரிந்திருக்கிறது என்று தோன்றும். 'உஷாராக இரு' என்றும் சொல்கிறோம்தான், ஆனால் இந்தச் சொல் உயிரோடு வருவது 'உஷாராயிட்டான்' என்பதில். சத்தம் கேட்டதும் உஷாரானான், பேச்சு வேறு பக்கம் திரும்பியதும் உஷாரானாள். ஒரு நொடியில் நடக்கும் மாற்றம். செய்தித்தாள் மட்டும்தான் அதை 'உஷார் நிலை' என்று நீட்டி வாரக்கணக்கில் காவலர்கள் தலையில் ஏற்றிவைக்கிறது. அந்த நிலையிலிருந்து இறங்க முடியாமல் போனவர்களும் இருக்கிறார்கள். போரிலிருந்தோ பெரிய விபத்திலிருந்தோ வந்தவர்கள், எங்கே போனாலும் வாசல் தெரியும்படி சுவரோரம் உட்காருவார்கள், குக்கர் விசில் அடித்தால் தூக்கிவாரிப் போடும். மருத்துவர்கள் அதை ஒரு நோயின் அறிகுறியாகத்தான் குறித்துக்கொள்கிறார்கள்.

எச்சரிக்கை சொல்வதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு இந்தச் சிக்கல் தெரியும். அதனால்தான் படிப்படியாகச் சொல்வார்கள். இந்திய வானிலை ஆய்வு மையத்தின் நிறங்களை எடுத்துக்கொள்ளுங்கள். பச்சை என்றால் ஒன்றுமில்லை. மஞ்சள் என்றால் நிலவரத்தைக் கவனித்துவாருங்கள். ஆரஞ்சு என்றால் தயாராகுங்கள். சிவப்பு என்றால் செயலில் இறங்குங்கள். அவர்கள் அட்டவணைப்படி 'அலர்ட்' என்ற சொல் ஆரஞ்சுக்குத்தான் உரியது, சிவப்புக்கு உரியது 'வார்னிங்'. நாம் எல்லாவற்றையும் சேர்த்து 'ரெட் அலர்ட்' ஆக்கிவிட்டோம். நாளைக்குப் பள்ளிக்கூடம் உண்டா இல்லையா என்பதைத் தாண்டி அந்த நிறங்களிடம் நாம் எதுவும் கேட்பதில்லை. 24 மணி நேரத்தில் 20 செ.மீ.க்கு மேல் பெய்தால் அதி கனமழை என்று ஓர் அளவு இருப்பது, வீட்டுக்குள் தண்ணீர் வந்த பிறகுதான் ஞாபகம் வரும்.

துறைமுகங்களின் புயல் எச்சரிக்கைக் கூண்டுகள் இதைவிடப் பழையவை, எனக்கு இதைவிடப் பிடித்தவை. 1 முதல் 11 வரை எண்கள். பகலில் உருளையும் கூம்புமாகத் தொங்கவிடுவார்கள், இரவில் சிவப்பும் வெள்ளையுமாக விளக்குகள். முதல் எண், தூரக் கடலில் ஏதோ உருவாகிறது என்பதற்கு. பொதுவாக எண் ஏறினால் அபாயமும் ஏறுகிறது. 8, 9, 10 பெரும் அபாயம். அதற்கு மேல் என்ன இருக்க முடியும்? 11ஆம் எண் கூண்டு, புயல் எச்சரிக்கை மையத்துடன் தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்பதற்கு. காற்றின் வேகத்தைவிடப் பெரிய ஆபத்தாக அவர்கள் வைத்திருப்பது, செய்தி வராமல் போவதை. கபர்தார் என்று கத்திய அந்த ஜமீன்தாருக்கு அர்த்தம் தெரிந்திருந்ததோ இல்லையோ, துறைமுகக்காரர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

வந்த எச்சரிக்கை பலிக்காமல் போனால் அது வேறு தொல்லை. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ரா அருகே கடலடியில் 8.6 அளவுக்கு நிலநடுக்கம். 2004 சுனாமியை மறக்காத தமிழகக் கடற்கரையில் எச்சரிக்கை ஒலித்தது, மெரினாவிலிருந்து மக்களை வெளியேற்றினார்கள். பெரிய அலை எதுவும் வரவில்லை. நிலத்தட்டு மேலெழும்பாமல் பக்கவாட்டில் நகர்ந்ததால் கடல்நீரை அது தூக்கவில்லை. எச்சரிக்கை சரி, கணிப்பும் சரி, கடல் அடங்கியது நம் அதிர்ஷ்டம். ஆனால் அன்று மாலையே 'சும்மா கிளப்பிவிட்டுட்டாங்க' என்று பேசியவர்கள் உண்டு. அரைப்பொய்யும் முக்கால்பொய்யுமாகத் தினம் 'உஷார்' என்று தலைப்பு வைக்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். அவர்கள் செலவழிப்பது அவர்கள் சொத்து அல்ல, வானிலை மையத்துக்கும் மீனவர் குப்பத்துக்கும் வேண்டியிருக்கிற சொத்து.

சொற்கள் தலைகீழாகப் புரள்வதும் இந்தக் குடும்பத்தில் வழக்கம்தான். 'பராக்' என்பதைப் பாருங்கள். ராஜா வருகிறார், கவனம், என்று கட்டியக்காரன் கூவுவது 'பராக், பராக்'. வகுப்பில் ஜன்னல் வழியே காக்காயைப் பார்த்துக்கொண்டிருக்கும் பையனுக்கு வாத்தியார் சொல்வது 'அங்க என்னடா பராக்குப் பார்க்கிற?' கவனத்துக்கும் கவனமின்மைக்கும் ஒரே ஒலி.

உஷாருக்கும் இப்போது அது நடந்துகொண்டிருக்கிறது. சென்னைக் கல்லூரிப் பையன்கள் பேச்சில் 'உஷார் பண்றது' என்றால் எச்சரிப்பது அல்ல. பெண்ணையோ பையனையோ பேசிப் பேசி மயக்கித் தன் பக்கம் வளைத்துக்கொள்வது. மயங்காதவன் என்று பாரசீகத்தில் கிளம்பிய சொல், மயக்குகிறவன் கையில் போய்ச் சேர்ந்திருக்கிறது. பெரியப்பாவின் பேரன் போன வாரம் கல்யாண வீட்டில் 'யாரோ என் சார்ஜரை உஷார் பண்ணிட்டாங்க' என்று கத்திக்கொண்டிருந்தான். அது சுட்டுக்கொண்டு போவது. பெரியப்பாவுக்கு அந்த வழக்கு தெரியாது. "உஷார் பண்ணினாங்களா, நல்லதுதானப்பா" என்றார்.